முகுந்தனின் மறுமேனி

காலை நேரத்தில் முகுந்தனின் வீட்டில் இரண்டு திலகவதிகள் பரபரத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வெளிக்காற்று உடுப்பை மாட்டிக்கொண்டு பனிச்சுரங்கத்துக்குக் கிளம்பினாள். இன்னொருத்தி மகள் நறுமுகைக்குப் பின்னல் போட்டபடியே எட்டித் தோசையைத் திருப்பினாள். செவ்வாயின் குமிழ்நகரத்தில் வேலைக்குப் போகும் தாய்மார்கள் வீட்டில் எல்லாம் இப்படித்தான். முகுந்தன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் காபியை உறிஞ்சினான்.

வீட்டில் இருப்பவளுக்கு மறுமேனி என்று பெயர். ஒருவருடைய நினைவுகளையும் பழக்கங்களையும் அப்படியே நகலெடுத்து, அதே சாயலில் செய்த இயந்திர உடலில் இறக்கிவிடுவார்கள். இரவில் இருவரும் உள்ளங்கைகளைச் சேர்த்தால் அன்றைய நினைவுகள் கைமாறும். மகளின் முதல் பல் விழுந்ததைத் திலகவதி அப்படித்தான் பார்த்தாள்.

அன்று மதியம் மறுமேனி கரண்டியும் கையுமாக நின்ற இடத்திலேயே உறைந்துபோனது. பழுது பார்க்க வந்தவர் தலையைச் சொறிந்தார்.

"எந்திரத்துல கோளாறு இல்ல சார். ஓஞ்சு போயிருக்கு. அவங்க சுரங்கத்துல படுற அலுப்பு ராத்திரி இதுக்கு வந்துடுது. இது வீட்டுல படுற அலுப்பு அவங்களுக்குப் போயிடுது. ரெண்டு பேரும் ரெண்டு மடங்கு சுமக்கறாங்க" என்று சொல்லி, அதை மறுபடி இயங்கவைத்துவிட்டுப் போனார்.

மாலையில் திலகவதி மெதுவாகச் சொன்னாள். "துருவச் சுரங்கத்துக்குத் தலைமைப் பொறியாளரா வரச் சொல்றாங்க. மாசத்துல பாதி நாள் அங்க இருக்கணும். முடியாதுன்னு சொல்லிடலாம்னு பார்க்கறேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று முகுந்தனுக்குத் தோன்றியது.

"நான் எதுக்கு இருக்கேன்? நானும் ஒரு மறுமேனி எடுக்கறேன். வீட்டை அது பார்த்துக்கும். நீ தைரியமா போ" என்றான்.

திலகவதி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை, மறுமேனி செய்து தரும் நகலகத்தில் இருந்த பெண் அவனை எச்சரித்தாள். "உங்ககிட்ட இருக்கற பழக்கம்தான் சார் அதுல வரும். நாங்களா எதையும் சேர்க்கறதில்ல."

"எல்லாம் இருக்கும்மா" என்றான் முகுந்தன்.

மறுமேனியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அலுவலகம் போனான். விஷயம் அதற்குள் அங்கே பரவியிருந்தது. மனைவிக்காக மறுமேனி எடுத்த முதல் ஆண் என்று கை குலுக்கினார்கள். ஒருவர் தியாகி என்றே சொல்லிவிட்டார். முகுந்தன் அடக்கமாகச் சிரித்துவைத்தான்.

மாலையில் ஆவலோடு கதவைத் திறந்தான். கூடத்து நாற்காலியில், கால்மேல் கால் போட்டு, அவனே உட்கார்ந்திருந்தான். சமையலறையில் திலகவதியின் மறுமேனி ஒரு கையால் வாணலியைத் தேய்த்துக்கொண்டு மறுகையால் நறுமுகையின் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தது.

"அப்பா, இந்த அப்பாவால காபி குடிக்கவே முடியாதாம்" என்று ஓடி வந்தாள் நறுமுகை. "ஆனா காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கு. வீட்டு அம்மாவும் போட்டுப் போட்டு வைக்கறா."

முகுந்தனுக்குச் சுருக்கென்றது. நாற்காலியை நெருங்கிக் குரலை அடக்கிக் கேட்டான். "நாள் பூரா என்னதான் பண்ணினே?"

"உதவி பண்ணத் தயாராத்தான் இருந்தேன்" என்றது அது. "என்ன செய்யணும்னு அவ சொல்லவே இல்லையே. சொன்னா செய்ய மாட்டேனா?"

அதே குரல். அதே மனத்தாங்கல். கழுத்தை ஒருபக்கம் சாய்க்கும் அந்தச் சாய்ப்புகூட அவனுடையதுதான். இதே வார்த்தைகளை எத்தனை முறை திலகவதியிடம் சொல்லியிருப்பான்! எதிரே நின்று கேட்டது இதுதான் முதல் தடவை. காது மடல் வரைக்கும் சூடேறியது. மகளின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

அப்போது திலகவதி வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றியபடி நாற்காலியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"துருவத்துக்கு வர்றேன்னு சொல்லிட்டேன்" என்றாள். "இங்க யாரு பார்த்துக்கப் போறீங்க?"

இரண்டு முகுந்தன்களின் கைகளும் ஒரே நேரத்தில் சமையலறையில் நின்ற அவளுடைய மறுமேனியைக் காட்டி நீண்டன.

பாதி வழியில் முகுந்தன் தன் கையைக் கீழே இறக்கிக்கொண்டான். மற்றது இறக்கவில்லை. அது காலையில் எடுத்த நகல். அவனுக்கே வெட்கம் வந்தது மாலையில்தான்.