பச்சைத் துணிக்கு அடியில்

ஆபரேஷன் தியேட்டரில் மூச்சு மெஷினின் சத்தம் மாறியிருந்தது. ஒரு மணி நேரமாகச் சீராக மூச்சு கொடுத்துக்கொண்டிருந்த அது, ரத்தத்திலிருந்து பிரித்த மஞ்சள் பிளாஸ்மா பையை மாட்டிய ஐந்தாவது நிமிடத்திலிருந்து, அடைத்த மூக்கால் காற்றைத் தள்ளுகிற மாதிரி ஒவ்வொரு தள்ளுக்கும் முக்கியது. தலைமாட்டில் நின்ற நர்ஸ் மானிட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது மேஜையில் மயங்கிக் கிடக்கும் தையல்காரப் பெண் காலையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன தடவை ரத்தம் ஏத்தினப்போ மூஞ்சி வீங்கி, செத்துப் பிழைச்சேன்க்கா. நான் மயங்கினப்புறம் நீங்கதான் சொல்லணும்."

சொன்னாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை. ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் சிரித்தார். பயந்தவர்கள் ஆயிரம் சொல்வார்கள், நீயும் தலையாட்டாதே என்றார். மயக்க டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு தியேட்டர் பார்க்கிற மனுஷன், இப்போது பக்கத்துத் தியேட்டரில் இருந்தார்.

"டாக்டர், பிரஷர் இறங்குது."

"ரத்தம் போனா இறங்கத்தான் செய்யும். இன்னொரு பை மாட்டு."

எங்கே போகிறதாம் ரத்தம்? உறிஞ்சும் பாட்டிலில் அடி கூட நனையவில்லை. கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று கேட்க நாக்கு துடித்தது. பதினெட்டு வருஷமாகப் பல்லைக் கடித்தே பழகிப்போன வாய்.

பெரிய டாக்டருக்கு ஒரு சட்டம் உண்டு. வெட்டுகிற இடம் தவிர உச்சந்தலைவரை பச்சைத் துணி; முடியும்வரை யாரும் தொடக்கூடாது.

அவள் தூக்கினாள்.

முகத்தைக் காணோம். கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள். உதடுகள் மூச்சுக் குழாயை விழுங்கிக்கொண்டிருந்தன. கழுத்தெல்லாம் செக்கச்செவேலென்று தடிப்பு.

பிளாஸ்மா குழாயின் சக்கரத்தைத் திருகி மூடினாள். "இது ரத்தப்போக்கு இல்ல, பிளாஸ்மா ஒத்துக்கல. திறக்காதீங்க."

"துணியைப் போடு," என்றார் அவர், நிமிராமலே.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடினாள். பக்கத்துத் தியேட்டர். கதவு. மயக்க டாக்டரின் கையைப் பிடித்து இழுத்தாள், சட்டை கிழிந்தாலும் கிழியட்டும் என்று.

அவரோடு திரும்பி வந்தபோது பச்சைத் துணி மடிப்புக் கலையாமல் இழுத்துவிடப்பட்டிருந்தது. தலை இருந்த இடத்தில் தலையணை அளவுக்கு மேடு. மானிட்டரில் நேர்க்கோடு. யாரோ அலாரத்தை அமுக்கி வைத்திருந்தார்கள்.

சக்கரம் திறந்திருந்தது.

இன்னொரு நர்ஸ், ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி, இரண்டாவது பையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"வேகமா," என்றார் பெரிய டாக்டர். "மூணாவதை எடு."