அமாவாசைக்கு லீவு விட்ட திருடன்

ட்ர்ர்ரிங்…!

போனை எடுத்த சிம்ரன், அடுத்த நொடியே அதைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். அவ்வளவு அலறல்!

"நான் மெயில்ல அனுப்புன டிசைனை செவிலிமேடு ரோட்டுக் கடையில பொம்மைக்குக் கட்டி வச்சிருக்காங்க! என் முகூர்த்தப் புடவைங்க அது!"

அலறியது காயத்ரி. சென்னையில் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்.

"மேடம்… உங்க மெயில் எங்களுக்கு வரவே இல்லீங்க…"

"வராமலேயே வெளிய போச்சா?"

லைன் கட்.

காஞ்சிபுரத்தில் நமச்சிவாயத்தின் பட்டுக் கடை அது. பின்கட்டில் தறிகள். முன்னால் ஒரே ஒரு ஆபீஸ் அறை. அங்கே கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறவள்தான் சிம்ரன். கடைக்கு வர வேண்டிய டிசைன் வேறு கடை ஜன்னலில் நிற்பது இது முதல் தடவை இல்லை.

"மறுபடியுமா?"

உறுமியவன் குமரகுரு. நமச்சிவாயத்தின் மச்சினன். வாயைத் திறந்தால் சண்டைக்கு மட்டும்தான் திறப்பான்.

"சார், பாதி மெயில் வருது, பாதி வரல. அக்கவுண்டையே அழிச்சிட்டுத் திரும்பப் போட்டேன். பாஸ்வேர்ட் சரி, போர்ட் நம்பர் சரி. டெஸ்ட் பண்ணா பச்சை டிக் வருது!"

"டிக் வரும், மெயில் வராதா? வந்ததை அழிச்சிட்டு கதை வுட்டுக்கினு இருக்கியா? போலீசுக்குச் சொல்லிட்டேன். வந்துக்கினு இருக்காங்க!"

நாற்காலியில் இருந்த நமச்சிவாயம் பதறி எழுந்தார்.

"போலீஸ் எதுக்குப்பா குமரா? வயசுப் பொண்ணு. சத்தம் போடாம வேலைய விட்டு அனுப்பிடலாம்."

"நான்தான் நின்னுக்கறேன்னு முன்னாடியே சொல்லிட்டேனே ஐயா!" சிம்ரனின் குரல் உடைந்தது. "முசரவாக்கத்துல சொந்தமா டிசைன் சென்டர் போடப் போறேன். திருட்டுப் பட்டத்தோட வெளிய போனா, எந்தத் தறிக்காரர் என்னை நம்புவாரு?"

ஒருத்தரும் நம்பமாட்டார்கள். டிசைன் திருடி என்று ஒரு தடவை பேர் வாங்கிவிட்டால், இந்த ஊரில் அவளுடைய தொழில் அன்றோடு முடிந்தது! அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் போட்டி போட்டுக்கொண்டு வந்தன.

வாசலில் ஜீப்.

சப்-இன்ஸ்பெக்டர் கலாவதி உள்ளே வந்தாள். சைபர் பிரிவு. எல்லோரையும் ஒரே பார்வையில் சந்தேகப்பட்டாள். அதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

"மெயில் பாஸ்வேர்ட் யார் யாருக்குத் தெரியும்?"

"எங்க மூணு பேருக்குத்தான்," என்றார் நமச்சிவாயம்.

"ஏம்மா, கீபோர்டை விட்டுத் தள்ளி நில்லு. கையைக் கட்டிக்கோ."

சிம்ரன் கட்டிக்கொண்டாள். கலாவதி தன் போனிலிருந்து கடை முகவரிக்கு ஒரு மெயில் தட்டினாள். கம்ப்யூட்டரில் 'மெயில் பெறு' பட்டனைத் தானே அழுத்தினாள். பின்கட்டில் தறிகள் தடதடத்தன.

வரவில்லை…

மறுபடி அழுத்தினாள்.

வரவே இல்லை!

"இந்தப் பொண்ணு கையே படல. ஆனாலும் மெயிலைக் காணோம்," என்றாள் கலாவதி. "இதே அக்கவுண்டை வேற ஒரு கம்ப்யூட்டர்லயும் போட்டு வச்சிருக்காங்க. போஸ்ட் ஆபீசுல ரெண்டு பேர் போய் ஒரே லெட்டரைக் கேக்கற மாதிரி. முன்னாடி போனவன் வாங்கிட்டா, அடுத்தவனுக்கு இல்ல."

"சர்வர்ல காப்பி இருக்குமே மேடம்?" என்றாள் சிம்ரன். "நான் அந்த ஆப்ஷனுக்கு டிக் போட்டுத்தான் வச்சிருக்கேன்."

"நீ போட்டிருக்க. அவன் தன்னோட கம்ப்யூட்டர்ல அந்த டிக்கை எடுத்துட்டான். அவன் வாங்கினதும் அங்க அழிஞ்சிடும்!"

"அந்தக் கம்ப்யூட்டரே இவ வீட்லதான் இருக்குது!" குமரகுரு பாய்ந்தான்.

கலாவதி வந்து சேர்ந்த மெயில்களின் தேதிகளைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். புருவம் ஏறியது.

"மத்த நாள்ல எல்லாம் அரையும் குறையுமா வருது. அமாவாசை அன்னிக்கு மட்டும் ஒண்ணு விடாம வந்திருக்குதே… எப்படி?"

"அமாவாசைக்குத் தறி ஓடாது மேடம். நெசவுக்காரங்க எல்லாருக்கும் லீவு," என்றாள் சிம்ரன். "நான் மட்டும் வந்து டிசைன் போடுவேன்."

"அப்ப திருடனும் லீவு விட்டுட்டான்! நீங்க எங்க இருந்தீங்க குமரகுரு?"

"போன அமாவாசைக்கா? சென்னை கண்காட்சியில மேடம். நமக்கு அமாவாசையும் கிடையாது, ஆடியும் கிடையாது. அன்னிக்குப் பூரா லேப்டாப்பும் கையுமா ஆர்டர் எடுத்துக்கினு இருந்தேன்."

"நீங்க?"

நமச்சிவாயம் நெற்றியில் விபூதி பளிச்சிட நிமிர்ந்தார்.

"நான் பரம்பரை நெசவுக்காரன்மா! அமாவாசைக்குத் தறியைத் தொடமாட்டேன். இந்தக் காலத்துல கம்ப்யூட்டரும் தொழில் கருவிதானே? அதையும் ஆன் பண்ணமாட்டேன். யாரை வேணாலும் கேளுங்க!"

எவ்வளவு பெருமையாகச் சொன்னார், பாவம்!

கலாவதி அவரையே பார்த்தாள்.

"தறியை எல்லாம் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க."

"எ… எதுக்கும்மா? முகூர்த்த வேலை… நடுவுல நிறுத்தக் கூடாது…"

"நிறுத்துங்க!"

குமரகுரு ஓடினான். தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. என்ன கலாட்டா என்று பார்க்க நெசவாளர்கள் மொத்தமும் ஆபீஸ் வாசலில் வந்து குவிந்தார்கள்.

அப்படி ஓர் அமைதி!

கலாவதி இன்னொரு மெயில் அனுப்பினாள்.

ஒரு விநாடி… இரண்டு விநாடி…

'டிங்!'

சத்தம் சிம்ரனின் மேஜையிலிருந்து வரவில்லை.

நமச்சிவாயத்துக்குப் பின்னால் இருந்த பீரோவுக்குள்ளிருந்து வந்தது!

"சாவி," என்றாள் கலாவதி.

"அது… உள்ள பட்டுப்புடவைதான்…"

"பட்டுப்புடவைக்கு எதுக்குங்க கரண்ட் வயரு?"

பீரோவின் பின்பக்கத் துளைக்குள் ஒரு கருப்பு வயர் போய்க்கொண்டிருந்தது. சாவி வந்தது. கதவு திறந்தது. புடவைகளுக்கு நடுவில் ஒரு லேப்டாப் விழித்துக்கொண்டிருந்தது. திரையில் காயத்ரியின் டிசைன். அதைச் செவிலிமேடு கடைக்கு அனுப்பிய மெயிலும் பக்கத்திலேயே இருந்தது.

"மாமா!" குமரகுரு அலறினான். "நம்ம டிசைனை நீயேவா வெளிய வுட்ட?"

நமச்சிவாயம் நாற்காலியில் சரிந்தார்.

"நாலு டிசைன் போனா போவுதுன்னு வுட்டேன்டா… இவ வெளிய போய்ட்டா, இவ கையில இருக்கிற அத்தனை டிசைனும் போயிடும். திருடின்னு பேர் வந்துட்டா எவனும் வேலை தரமாட்டான். திரும்ப நம்மகிட்டதானே வந்து நிப்பா? அதுக்குள்ள நீ போலீசைக் கூப்பிட்டுட்ட!"

"அடப்பாவி மனுஷா…!"

சொன்னது சிம்ரன். இத்தனை நாளும் ஐயா என்று கூப்பிட்ட வாய் அது.

"சிம்ரன்… தப்பா பேசிட்டேன்மா," என்றான் குமரகுரு. வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாக.

வாசல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூத்த நெசவாளர் மணிவண்ணன் முன்னால் வந்தார்.

"யம்மா, உன் சென்டரை எப்ப தொறக்கற? மொத டிசைன் என் தறிக்குத்தான், சொல்லிட்டேன்!"

"என் தறிக்கும்!" பின்னாலிருந்து இன்னொரு குரல்.

சிம்ரன் அப்போதுதான் அழுதாள்.

ஜீப்பை நோக்கி நடந்த நமச்சிவாயம் திரும்பினார்.

"மேடம்… என் வக்கீலுக்கு ஒரு தகவல் சொல்லணும்."

கலாவதி தொப்பியைச் சரி செய்துகொண்டாள்.

"தாராளமா சொல்லுங்க. ஆனா மெயில் மட்டும் அனுப்பாதீங்க… நடுவுல எவனாவது எடுத்துடுவான்!"