முதலில் கண்டவர்

தம்பிஐயாவின் முற்றத்தில் விளக்குமாறு ஓரிடத்தில் மட்டும் விலகிப் போயிருந்தது.

காலையில் கூட்டிய முற்றம். ஈர்க்குக் கீறல்கள் படலையிலிருந்து கிணற்றடி வரை நேர்நேராகக் கிடந்தன. முருங்கைக்குப் பக்கத்தில், ஒரு ஆள் நிற்கிற அளவு நிலத்தில் மட்டும் சருகு அப்படியே இருந்தது. கீறல்கள் அதன் கிட்ட வந்ததும் வளைந்து, சுற்றிக்கொண்டு, மறுபக்கம் போய் மறுபடி நேராகியிருந்தன. வீட்டு நாயும் கோபிகாவைக் கண்டு குரைத்தபடி ஓடி வந்தபோது அந்த இடத்தைச் சுற்றித்தான் வந்தது.

கோபிகா அதைக் கண்டாள், அடுத்த நிமிடம் மறந்தாள். கிராம அலுவலருக்குச் சருகைப் பற்றி யோசிக்க எங்கே நேரம்? அரியாலைக்குக் கிழக்கே, நீரேரிக் கரையோரமாகக் கிடந்த அவளுடைய பிரிவில் இருநூற்றுப் பதினெட்டுக் குடும்பங்கள். வீதி விளக்கு எரியாவிட்டாலும் அவள்தான் பதில், பக்கத்து வளவுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டாலும் அவள்தான் பதில். இப்போது வானத்துக்கும் அவளே பதில் சொல்ல வேண்டியதாகப் போயிற்று.

மூன்று கிழமையாக, அந்தி மைம்மல் பொழுதில் நீரேரிக்கு மேலே ஒரு வெளிச்சம் வந்து நின்றுவிட்டுப் போவதாகச் சனம் கதைத்தது. ட்ரோன் என்றார்கள் சிலர். இளந்தாரிகள் பட்டத்தில் மின்குமிழ் கட்டி ஏற்றுகிறார்கள் என்றார்கள் வேறு சிலர். கதை கொழும்பு வரை போய், அங்கிருந்து ஒரு படிவமாகத் திரும்பி வந்தது. அடையாளம் காணப்படாத வான்பொருள் தொடர்பான விசாரணை. பதினொரு கேள்வி, மூன்று பிரதி. வேலியில் போன ஓணானை மடியில் கட்டியது யாரோ, குடைச்சல் மட்டும் கோபிகாவுக்கு.

"எத்தினை மணி இருக்கும், ஐயா?"

"ஆறு, ஆறேகால். விளக்கு வைக்கிற நேரம், மிஸ்." தம்பிஐயா வலை இழுத்துக் காய்த்த கையால் வானத்தைக் காட்டினார். "சத்தம் கித்தம் ஒண்டுமில்லை. காகமெல்லாம் வாயை மூடிட்டுது. துணி கருகிற மாதிரி ஒரு மணம் மட்டும் வந்தது."

"முதலிலை கண்டது ஆர்?" அது நாலாம் கேள்வி.

"'ஓடியாங்கோ, வந்து பாருங்கோ' எண்டு கத்தினது கேட்டுது. எல்லாரும் முத்தத்துக்கு ஓடி வந்தம்."

"ஆர் கத்தினது?"

அவர் மனைவியைப் பார்த்தார். "நீர்தானே?"

"நான் குசினிக்கை சமைச்சுக்கொண்டு நிண்டனான்," என்றாள் குணலட்சுமி. இரண்டு மகள்மாரும் தாங்கள் இல்லை என்று தலையாட்டினார்கள். அவர்களும் குரல் கேட்டுத்தான் ஓடி வந்தவர்களாம்.

கோபிகா படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். வீட்டில் உள்ளோர் எண்ணிக்கை. நாலு பேர் என்றார் தம்பிஐயா. அவள் கையிலிருந்த குடும்ப அட்டையில் ஐந்து பெயர் இருந்தது. ஐந்தாவது, டிலக்ஷன், மகன், பிறந்த ஆண்டு 2003.

"உந்தப் பேரிலை எங்களுக்கு ஒருத்தருமில்லையே," என்றார் அவர்.

கோபிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அட்டையில் இப்படி இல்லாத ஆட்களைக் காண்பது அவளுக்குப் புதிதல்ல. இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலத்தில் நிவாரண அரிசிக்காகச் சனம் பிறக்காத பிள்ளைக்கும் பேர் வைத்தது. பசித்த வயிறு எழுதிய பெயர்களை அவள் குற்றமாக எடுப்பதில்லை. ஆனால் படிவத்து எண்ணிக்கையும் அட்டை எண்ணிக்கையும் ஒத்துவர வேண்டும் என்று பிரதேச செயலகத்து இராசநாயகம் ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"பழைய நிவாரணப் பேராக்கும். நான் வெட்டி விடுறன், உங்களுக்கு ஒரு வில்லங்கமும் வராது," என்று சிவப்புப் பேனையை எடுத்தாள்.

"பொறுங்கோ, மிஸ்."

குணலட்சுமி கொடியடியில் நின்றாள். அவள் கையில் ஒரு நீலச் சேட்டு. தம்பிஐயாவின் உடம்புக்கு அது பாதிகூடக் காணாது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதடு எதையோ தேடியது. "ஒரு நிமிசம் பொறுங்கோ... இது ஆற்றை சேட்டு..."

இன்னும் ஏழு வீடு கிடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. கோபிகா கோட்டைக் கீறினாள்.

குணலட்சுமியின் முகம் வழித்துத் துடைத்தது போல் ஆயிற்று. சேட்டை நாலாக மடித்து, நிலம் துடைக்கிற துணிகளோடு போட்டாள்.

விடுபட்ட ஒரு கையொப்பத்துக்காகக் கோபிகா மறுநாள் மறுபடி போனாள். முற்றம் முழுதும் ஒரே சீராகக் கூட்டிக் கிடந்தது. முருங்கைக்குப் பக்கத்தில் நாய் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. அவளுக்கு அது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்ததாகப் போன சந்தியோகு வீட்டிலும் அதே கதை. குரல் கேட்டது, ஓடி வந்தோம், கூப்பிட்டது யாரென்று தெரியாது. அட்டையில் றெஜினா என்று ஒரு தங்கச்சி. தனக்குத் தங்கச்சியே இல்லை என்றான் சந்தியோகு. மாதா படத்துக்கு முன்னால் யாரோ கோத்து முடிக்காத மல்லிகைச் சரம் ஊசியோடு கிடந்தது. வாசற்படிக்குக் கீழே ஒரு ஆள் அளவு நிலம் கூட்டாமல் இருந்தது. துணி கருகிய மணம் மெல்ல வந்தது. கோபிகா கோட்டைக் கீறினாள். ஆனால் இந்த முறை கை கொஞ்சம் தயங்கியது.

அன்று மதியம் இராசநாயகம் ஐயா போன் எடுத்தார். "என்ன பிள்ளை, நீர் தந்த படிவங்களிலை நாலாம் கேள்வி ஒண்டுக்கும் மறுமொழியில்லை? வெறுமையா அனுப்பினால் படிவம் திரும்பி வரும்."

"சனத்துக்குத் தெரியேல்லை, ஐயா."

"முதல் கண்ட ஆள் எண்டு ஒராள் இருக்கத்தானே வேணும்?"

அந்தக் கேள்வி அவளோடேயே ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டது. பின்னேரம் ஐந்து மணி தாண்டி, செல்வநாயகம் மாஸ்டரின் வீட்டுக்குப் போய் இறங்கும்போதும் அது இறங்கவில்லை.

மாஸ்டர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருத்தினார். "நான் தனி ஆள், பிள்ளை. கலியாணம் கட்டேல்லை," என்று சொல்லிக்கொண்டே தேத்தண்ணி கொண்டு வந்தார். தட்டில் மூன்று கோப்பை. ஒன்றை அவளுக்கும், ஒன்றைத் தனக்கும் வைத்தார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு வெற்றுக் கதிரைக்கு முன்னால் வைத்தார்.

அட்டையில், கமலாவதி, மனைவி.

கோபிகா சிவப்புப் பேனையைத் தொடவில்லை. அந்தப் பெயரை எங்கோ எழுதியது போல் விரலுக்கு ஒரு ஞாபகம். பையிலிருந்த வதிவிடச் சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்து அடிக்கட்டைகளைப் புரட்டினாள். போன மாதம் பன்னிரண்டாம் திகதி. திருமதி கமலாவதி செல்வநாயகம். வங்கித் தேவைக்காக. அவளுடைய எழுத்து. அவளுடைய கையொப்பம். பக்கத்தில், நடுங்கிய கையால் இன்னொரு கையொப்பம்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் இருந்து கையொப்பம் வைத்திருக்கிறாள். வெயிலைப் பற்றி, மருந்து விலையைப் பற்றி ஏதேனும் கதைத்திருப்பாள். கோபிகாவுக்கு முகம் வரவில்லை. குரல் வரவில்லை. ஒன்றும் வரவில்லை.

பழைய நிவாரணப் பெயர் போன மாதம் வந்து சான்றிதழ் கேட்குமா?

டிலக்ஷன். றெஜினா. முதலில் கண்டவர்கள். கூப்பிட்டவர்கள். எழுந்து, மாஸ்டரின் முற்றத்திலும் ஒரு ஆள் அளவுக்குச் சருகு கூட்டாமல் கிடந்த இடத்துக்குப் போனாள். குனிந்தாள். கருகல் மணம். நிமிர்ந்தபோது அவளுடைய கன்னத்தில், மிகக் கிட்டத்தில், சூடாக ஒரு மூச்சு பட்டது. பட்டு, விட்டு, மறுபடி பட்டது. விடாமல் கத்துகிற ஒருவருடைய மூச்சு. சத்தம் மட்டும் இல்லை.

தம்பிஐயா வீட்டிலும் அந்தப் பெடியன் இப்படி நின்றிருப்பான். தாய் சேட்டைப் பிடித்துக்கொண்டு பொறுங்கோ என்றபோது, அவனும் பொறுங்கோ என்று கத்தியிருப்பான். ஐயோ, நான் என்ன செய்தேன் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

நாலாம் கேள்விக்குக் கமலாவதி என்று எழுதினாள். அப்போதுதான் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஐந்து ஐம்பது.

ஆரணி.

ஏழு வயது மகள். இந்த நேரம் முற்றத்தில்தான் நிற்பாள். வானத்தில் என்ன பறந்தாலும் முதலில் காண்பவள் அவள்தான், பட்டமோ பிளேனோ. கோபிகா கணவனுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சிவகரன் கொக்குவிலில் படிப்பித்துவிட்டு வந்து கிணற்றடியில் குளிக்கிற நேரம். பிள்ளையை உள்ளே கூப்பிடுங்கோ என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

ஸ்கூட்டி கிறவல் வீதியில் துள்ளித் துள்ளிப் பறந்தது. வலது பக்கம் நீரேரி ஈயம் போல் அசையாமல் கிடந்தது. கோயில் ஒலிபெருக்கியில் தேவாரம் போய்க்கொண்டிருந்தது. சந்தியில் திரும்பும்போதும் கேட்டது. தன் வீட்டுப் படலையைத் தள்ளும்போது, பாதிச் சொல்லில் நின்றது.

காகங்களின் சத்தம் இல்லை. துணி கருகிற மணம்.

மாமரத்தடியில் ஆரணி சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய நாடி வானத்தை நோக்கி மெல்ல எழுந்துகொண்டிருந்தது.

"அம்மா, அங்கை என்ன..."

கோபிகா பாய்ந்தாள். ஒரு கையால் பிள்ளையின் கண்ணைப் பொத்தி, முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்தினாள். யாரோ ஒருவர் முதலில் காண வேண்டும். அவள் பார்த்தாள்.

வெளிச்சம் பெரிதல்ல. கண் கூசவுமில்லை. மாமரத்தின் நிழல், சைக்கிளின் நிழல், மதிலின் நிழல் எல்லாம் வெளிச்சத்தை நோக்கியே நீண்டு கிடந்தன. அவளுடைய நிழலும். அது நீண்டது. இழுபட்டது. அறுந்தது.

அவளுடைய வாய் திறந்தது. அவள் திறக்கவில்லை.

"ஓடியாங்கோ! வந்து பாருங்கோ!"

சிவகரன் இடுப்பில் ஈரச் சாரத்தோடு ஓடி வந்தான். வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றான். வெளிச்சம் அணைந்தது. காகங்கள் கத்தின. தேவாரம் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தது. அவளுடைய கைக்குள் இருந்த பிள்ளை, கை என்று ஒன்று இல்லாதது போல் விலகித் தகப்பனிடம் ஓடினாள்.

"அப்பா, ஆர் கூப்பிட்டது?"

"நீதானே?"

"நானில்லை."

கோபிகா கத்தினாள். நான் இஞ்சை நிக்கிறன். காற்று அசையவில்லை. கால் அசையவில்லை. இரண்டு பாதம் வைக்கிற நிலம், அவ்வளவுதான் அவளுக்கு.

அன்று இரவு மாமரத்தடியில் நின்றபடியே குசினி யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவகரன் மூன்று கோப்பையை எடுத்து வைத்தான். யோசித்தான். ஒன்றைத் திருப்பி வைத்தான். பிள்ளை படுக்கப் போகுமுன் வாசலில் வந்து நின்று, மாமரத்தடியைப் பார்த்து, ஏனென்று தெரியாமல் விம்மினாள். காலையில் ஆரணி முற்றம் கூட்டினாள். விளக்குமாறு கோபிகாவின் காலடிக்கு வந்து, வளைந்து, சுற்றிப் போனது. இன்னும் இருக்கிறேன் என்று அவள் நினைத்தாள். பிள்ளைக்கு எங்கோ தெரிகிறது. அந்த வளைவை அவள் நாலு நாள் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஐந்தாம் நாள் காலை, ஆரணி விளக்குமாற்றோடு முற்றத்தில் நிற்கும்போது, படலை திறந்தது. கையில் கோப்போடு ஒரு இளம் உத்தியோகத்தர்.

"சுபாங்கன், அண்ணை. கிராம அலுவலராப் பதில் கடமை பாக்கிறன். உந்தப் பிரிவுக்குக் கனகாலமா ஆள் இல்லையாம். நீங்களும் வெளிச்சத்தைக் கண்டனீங்களாம்?"

சிவகரன் விறாந்தையில் கதிரை போட்டான். மணி, திசை, நிறம் எல்லாம் சொன்னான். நாலாம் கேள்வி வெறுமையாகப் போனது.

"வீட்டிலை எத்தினை பேர்?"

"நானும் மகளும். ரெண்டு பேர்."

"அட்டையிலை மூண்டு கிடக்கு. கோபிகா, மனைவி எண்டு."

சிவகரனுடைய பெருவிரல் மோதிரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. கோபிகா கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். இஞ்சருங்கோ! இஞ்சை பாருங்கோ! அவன் தலை நிமிர்ந்தது. கண் மாமரத்தடிக்கு வந்தது. அவளிடம் வந்தது. நின்றது.

"ஒரு நிமிசம் பொறுங்கோ, தம்பி..."

சுபாங்கன் மணிக்கூட்டைப் பார்த்தான். நல்ல பெடியன். முகத்தில் இரக்கம் தெரிந்தது. "பழைய நிவாரணப் பேராக்கும், அண்ணை. நான் வெட்டி விடுறன். உங்களுக்கு ஒரு வில்லங்கமும் வராது."

சிவப்புப் பேனை.

பொறுங்கோ.

கோடு விழுந்த சின்னச் சத்தம் முற்றம் வரை கேட்டது. சிவகரன் மோதிரத்திலிருந்து விரலை எடுத்தான். பார்வை வேறு பக்கம் போயிற்று.

ஆரணி படலையடியிலிருந்து கூட்டத் தொடங்கினாள். சர், சர். சைக்கிளைத் தாண்டினாள். மாமரத்தைத் தாண்டினாள். பிள்ளையின் உதட்டில் ஏதோ பாட்டு. கோபிகா குனிய முடியாமல், கண்ணை மூட முடியாமல், தன் பாதங்களைப் பார்த்தாள்.

விளக்குமாறு நேராக வந்தது.