எதிர்ச்சுவரில் திருட்டு எழுத்து

காலை 9.10. ஜன்னலைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இரண்டு ஆண்டுகளாக அவள் வரைந்த எழுத்துரு எதிர்ச்சுவரில் செருப்புக்கடை போஸ்டராக ஒட்டியிருந்தது: 'ஞாயிறு முதல் பாதி விலை!'

வட்டமும் நேர்கோடும் மட்டுமே கொண்டு கட்டிய தடித்த எழுத்துகள். புதிய மருத்துவமனையின் வழிகாட்டிப் பலகைகளுக்காகச் செய்தவை. கண் மங்கியவர்கூடத் தெருமுனையிலிருந்தே 'அவசர சிகிச்சை' என்று படித்துவிடலாம். வேறெங்கும் தலைகாட்டக் கூடாது என்பது ஒப்பந்தம். நாளை ஒப்படைக்க வேண்டும்.

"நீங்கதான் ஃபைலை அனுப்பியிருக்கீங்க!" கணவன்மீது பாய்ந்தாள். அவளைத் தவிர பாஸ்வேர்டு தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"செருப்புக்கடைக்கு நான் ஏன்டி அனுப்பணும்?"

10.40. சப்-இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார்.

"எழுத்து திருட்டுப்போச்சுன்னு புகார். அங்கேயேதானேம்மா இருக்கு?"

"அது நான் வரைஞ்சது மேடம்!"

"அனா ஆவன்னா எல்லாம் உங்களுதா?"

"ஐயோ! அதோட உருவம்!"

சப்-இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்தார். "சரி, வெளியில யார்கிட்ட கொடுத்தீங்க?"

"பலகை செய்யறவர்கிட்ட ஒரு மாதிரித் தாள். நாப்பது சொல் அச்சடிச்சது. அவ்வளவுதான்."

ஆறுதல் சொல்ல வந்திருந்த பலகைக்காரர் உச்சுக்கொட்டினார். "என்கிட்ட இருந்தது வெறும் காகிதம் மேடம். மொத்த எழுத்தும் இந்த வீட்டு கம்ப்யூட்டர்லதான் இருக்கு. வீட்டுக்குள்ளயே விசாரிங்க."

"விலங்கை மாட்டுங்க மேடம்," என்றார் கணவன். "இவ கத்தறதுக்கு ஜெயிலே தேவலை."

11.25. சப்-இன்ஸ்பெக்டர் போஸ்டர் ஒன்றை உரித்து வந்தார்.

"கம்ப்யூட்டர்ல 'ஞாயிறு' அடிங்க."

அடித்தாள். திரையில் 'ஞ'வின் வளைவு காம்பஸ் வைத்து இழுத்ததுபோல் இருந்தது. போஸ்டரிலோ அமுக்கிய முட்டை. கோபத்தில் அவள் இதைக் கவனிக்கவே இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் அவளிடமிருந்த மாதிரித் தாளின் நகலை வாங்கி, வரிவரியாக இரண்டுமுறை விரலோட்டிப் பார்த்தார்.

"எந்த எழுத்து ஒத்துப்போகுதுன்னே எல்லாரும் பாத்தீங்க. ஒண்ணு ஒத்துப்போகலை. ஃபைல் கையில இருக்கறவன் எதுக்கு 'ஞ'வைக் கோணலா வரையணும்? அது இல்லாதவன்தான் வரைவான். போஸ்டர்ல இருக்கற மத்த எழுத்தெல்லாம் இந்தத் தாள்ல இருக்கு. 'ஞ' மட்டும் இல்லை." அவர் திரும்பினார். "என்ன பலகைக்காரரே?"

பலகைக்காரர் தலையைச் சொறிந்தார். "கடைக்காரர் அவசரப்படுத்தினார் மேடம். தாளைப் படம் புடிச்சு, வெட்டி ஒட்டினேன். 'ஞ'வை மட்டும் நானே போட்டேன்..." பிறகு அவளிடம், "ஓரளவு நல்லாத்தானே வந்திருக்கு?"

"ஐயோ, இந்த ஆளை முதல்ல கூட்டிட்டுப் போங்க மேடம்!"

மதியம் 1.15. நடந்ததைக் கேட்டதும் மருத்துவமனை நிர்வாகம் இறங்கி வந்தது. மாலைக்குள் ஊரில் ஒரு போஸ்டர்கூட இருக்கக் கூடாது. அப்படியானால் ஒப்பந்தம் நீடிக்கும். மற்ற தெருக்களுக்குப் பலகைக்காரர் வாளியும் கையுமாக, பின்னால் ஒரு கான்ஸ்டபிளோடு கிளம்பினார்.

எதிர்ச்சுவரில் கணவன் ஏணியைச் சாத்தினார். அவள் அருகே போய் நின்றாள்.

"ஏங்க... காலையில நான்..."

"அதையெல்லாம் நான் இறங்கினப்புறம் சொல்லு. இப்ப ஆட்டாமப் புடி."

அவள் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தாள்.