மறுகை மோதிரம்

தூத்துக்குடியில் கைத்துப்பாக்கி வாங்குவதும் கல்யாணப் பட்டு எடுப்பதும் ஒன்று. தனியாகப் போனால் கடைக்காரர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். ஜெனிட்டா கணவன் ரெக்சனோடு பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டாள். முத்துப்பண்ணைக் காவல் படகுக்கு அவள் தலைவியாகி இரண்டே நாள். மூன்று மணிக்குப் படகு கிளம்புகிறது. அதற்குள் துப்பாக்கி கைக்கு வராவிட்டால் வேறொருவர் ஏறிவிடுவார். சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ரெக்சன் இருப்பதிலேயே பெரியதைக் காட்டினான். "இத எடு ஜெனி. பாத்தாலே திருடன் ஓடிருவான்."

"தம்பி, சுடப்போறது ஒங்க கையா, அவங்க கையா?" என்றார் கடைக்காரர் நயினார்.

மேசை மேலிருந்த அளவுப்பலகையில் அவள் கையை வைத்ததும் அது எல்லாவற்றையும் படித்துச் சொன்னது. பெரியதன் விசைக்கு அவள் விரல் எட்டாது. மணிக்கட்டில் பழைய முறிவு இருப்பதால் உதைப்பு அதிகமானதும் ஆகாது. வலக்கைக்காரிதான், ஆனால் குறிபார்ப்பது இடக்கண்; அது இத்தனை நாள் அவளுக்கே தெரியாது. ஈர உடையில் இடுப்பிலிருந்து உருவ வேண்டும், வீட்டில் நாலு வயதுப் பெண் இருக்கிறாள் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நயினார் சொரசொரப்பான பிடியுள்ள சின்னத் துப்பாக்கி ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இதான்! இதேதான்!" ஜெனிட்டா போட்ட கூச்சலில் கடையே திரும்பிப் பார்த்தது.

"பாதிதாம்மா வாங்கியிருக்கீங்க." நயினார் ஒரு மோதிரத்தை மேசையில் வைத்தார். "இது யாருக்கு?"

அதுதான் மறுகை. பெருங்கலவரங்களுக்குப் பின் வந்த சட்டம். துப்பாக்கியை உருவியதும், எங்கோ இருக்கும் மறுகைக்காரர், மோதிரத்தோடு கண்ணில் மாட்டிக்கொள்ளும் வில்லையில் அந்தக் காட்சி விரியும். அவர் மோதிரத்தை ஒருமுறை அழுத்தினால் விசை பூட்டிக்கொள்ளும். மறுகை இல்லாதவருக்குத் துப்பாக்கி இல்லை. ரெக்சன் யாரையும் கேட்காமல் மோதிரத்தையும் வில்லையையும் எடுத்து மாட்டிக்கொண்டான்.

சோதனை அறைத் திரையில் கடல் விரிந்தது. ஒருவன் இரும்புக் கம்பியோடு படகில் தாவி ஏறினான். ஜெனிட்டா உருவினாள். அவன் கம்பியைப் போட்டுவிட்டுக் கைதூக்கினான். அப்படியும் அவள் விரல் விசையை இழுத்துவிட்டது. ரெக்சன் அழுத்தவே இல்லை. மூன்று முறை பார்த்தார்கள், மூன்று முறையும் இதே கதை.

"அவளுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?" ரெக்சனின் குரல் உடைந்தது.

"ஒங்க மேல உசுரா இருக்கவங்க தடுக்க மாட்டாங்கம்மா," என்றார் நயினார். "மூஞ்சிக்கு நேரா ஒங்கள வேண்டாம்னு சொல்ற ஆளு யாரும் இருக்காங்களா?"

மணி ஒன்றரை. இருந்தாள், ஒரே ஒருத்தி. பண்ணையின் மூத்த முக்குளிப்பாளர் டெல்ஃபின். "இவ அவசரக்காரி, படகக் குடுக்காதீங்க" என்று தேர்வுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னவள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஜெனிட்டா கைபேசியை எடுத்து அவளைக் கூப்பிட்டாள்.

டெல்ஃபின் ஈரத்தலையோடு வந்து நின்றாள். "நான் முடியாதுன்னுதான் சொல்லுவேன், தெரியும்ல?"

"அதுக்குத்தான் கூப்பிட்டேன் யக்கா."

டெல்ஃபின் மோதிரத்தை மாட்டிக்கொண்டாள். முதல் முறை, திரையில் கம்பி ஜெனிட்டாவின் தலைக்கு மேல் ஓங்கியது. டெல்ஃபின் விட்டுவிட்டாள், குண்டு பாய்ந்தது. இரண்டாம் முறை கம்பி கீழே விழ, விசை கல்லாக இறுகிப்போனது. ஜெனிட்டாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிறகு, கைதூக்கி நிற்கும் அந்த மனிதனின் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். அடுத்த நொடி டெல்ஃபினை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

ரசீதில் முத்திரை விழுந்தபோது டெல்ஃபின் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, நான் தடுத்து, அது தப்பாயிருச்சுன்னா? ஒம் புள்ள மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

ரெக்சன் முன்னால் வந்தான். "இத யோசிக்கிறீங்கள்ல யக்கா. நான் யோசிக்கவே இல்ல. ஒங்க கையிலயே இருக்கட்டும்."

மூன்று மணிக்குப் படகு கிளம்பியது. இடுப்பில் புதுத் துப்பாக்கியோடு ஜெனிட்டா தலைக்கு மேல் கையாட்டிக்கொண்டே போனாள். ரெக்சனும் துள்ளித் துள்ளிக் கையாட்டினான். பக்கத்தில் டெல்ஃபின், படகு கண்ணுக்கு மறையும்வரை, மோதிரக் கையை எதன் மேலும் பட்டுவிடாமல் தனியாகத் தூக்கிப் பிடித்திருந்தாள்.