முதல் க்ரோனரிலேயே வெட்டு!

"வீல்ல்ல்ல்...!"

அந்த அலறலில் ஸ்வென்போர்க் கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்த சைக்கிள்கள் எல்லாம் நின்றன.

சவப்பெட்டிக் கடையில் பிணம் இருப்பதில் என்ன அதிசயம் என்கிறீர்களா?

அதிசயம்தான்!

தோருப் இறுதிச்சடங்கு நிலையத்தின் ஷோரூமில் இருந்த பெட்டிகள் எல்லாமே புத்தம் புதுசு. காலி. கணவருக்குப் பெட்டி பார்க்க வந்த அம்மாள், வெள்ளையில் ஒன்று பிடித்துப்போய், உள்ளே மெத்தை எப்படி என்று மூடியைத் தூக்கினார்...

உள்ளே முதலாளி எஸ்கில் தோருப்!

மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கி. வலது கைக்குள் கசங்கிய ஒரு வெள்ளைக் கையுறை. சவ ஊர்தி ஓட்டுபவர்கள் போடுகிற கையுறை!

"எனக்கு இது வேணாம்..." என்று முனகியபடி மயங்கி விழுந்தார் அந்த அம்மாள். "காலியா இருக்கறதா ஒண்ணு காட்டுங்க..."

மறுநாள் காலை.

யெப்பே போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான். தோருப்பின் சவ ஊர்தி ஓட்டுநர். கையுறைக்குச் சொந்தக்காரன். கொலை செய்யாதவன்.

கடைசி விஷயம் அவனுக்கு மட்டும்தான் தெரியும்!

எதிரே இன்ஸ்பெக்டர் டோவே. கையில் காபி. முகத்தில் தூக்கமில்லாத சிடுசிடுப்பு.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கே இருந்தீங்க?"

"மீன் பிடிச்சேன் மேடம். செவ்வாய் எனக்கு லீவு."

"யார்கூட?"

"மீன்கூட."

"எத்தனை கிடைச்சுது?"

"ஒண்ணும் கிடைக்கலை."

"அப்ப சாட்சிக்கு மீன்கூட இல்லை!" டோவே முன்னால் குனிந்தாள். "நீங்க பின்வாசல் வழியா ஓடினதைப் பார்த்ததா ஆபீஸ் அம்மா பிர்தே சொல்றாங்க. கையுறை உங்களது. இன்னிக்கு சாயங்காலம் நீதிபதி முன்னாடி நிறுத்தப் போறேன். அப்புறம் உள்ளேதான்... புரியுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. வாயைத் திறந்தால் விடுதலை. ஆனால் திறந்தால் பிழைப்பு போய்விடும்! விவாகரத்தான மனைவிக்கு ஒரு பங்கு, வீட்டுக் கடனுக்கு ஒரு பங்கு என்று அவன் சம்பளம் வருவதற்கு முன்பே போய்விடுகிற ஜாதி. உண்மையான கொலைகாரன் சாயங்காலத்துக்குள் மாட்டிவிட மாட்டானா என்ன... என்று அந்த அசடு நம்பிக்கொண்டிருந்தது.

டோவே இலவங்கப்பட்டை ரொட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடுங்க. எதுக்கு அடிச்சீங்க? சம்பளம் ஒழுங்கா தரலையா?"

"நான் அடிக்கவே இல்லை! சம்பளமெல்லாம் நல்லாத்தான் குடுத்தாரு. என் கைக்கு வரணுமே! இந்த வரி ஆபீஸ்காரன் சம்பளத்தோட முதல் க்ரோனர் காசுலயே கத்தியை வச்சுடறான் மேடம்! ஒரு சலுகை உண்டா, ஒரு கழிவு உண்டா? நான் கொலை பண்றதா இருந்தா அங்கேதான் ஆரம்பிச்சிருப்பேன்!"

வாய்க்குப் போன காபி கப் பாதியில் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"சும்மா... தமாஷு மேடம். வரி ஆபீஸ்காரங்களைக் கொல்றதாவது..."

"அது இல்லை. அதுக்கு முன்னாடி. முதல் க்ரோனர்லயேவா?"

யெப்பேயின் வாயில் ரொட்டி அப்படியே நின்றது.

"ஒரே வேலை பார்க்கறவனுக்கு வரி ஆபீஸ் குடுக்கறது மெயின் கார்டு," என்றாள் டோவே மெதுவாக. "கொஞ்சம் வருமானத்தைத் தொடாம விட்டுட்டு, மிச்சத்துலதான் வரி பிடிப்பாங்க. முதல் க்ரோனர்லேர்ந்து வெட்டறது ரெண்டாவது வேலைக்கு. சைடு கார்டு! நான் சனிக்கிழமை குளத்துல நீச்சல் கத்துக்குடுக்கறேன்... அந்தச் சம்பளத்தைப் பார்த்து மாசாமாசம் அழறேன். எனக்குத் தெரியாதா?"

"மேடம்..."

"தோருப் கடையில உங்களுக்கு சைடு கார்டுன்னா... மெயின் கார்டு எங்கேய்யா?"

யெப்பே கடித்த ரொட்டியை விழுங்கினான்.

"பெரிய வீடு எங்கேன்னு கேட்கறேன்!"

யெப்பே உடைந்தான்.

"பக்கத்து ஊர் அசென்ஸ்ல... புக்வால்ட்டோட சவப்பெட்டிக் கடை."

டோவேக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோருப்பும் புக்வால்ட்டும் ஒருவர் பிணத்தைக்கூட ஒருவர் தொடமாட்டார்கள். அப்படி ஒரு பகை. ரெண்டு பேருமே வேலைக்கு வருகிறவனிடம் முதலில் கேட்கிற கேள்வி, 'அந்த ஆளோட சங்காத்தம் உண்டா?' என்பதுதான்.

"போட்டிக் கடையில வேலை பார்க்க மாட்டேன்னு ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் பண்ணியிருக்கேன் மேடம். நேத்து மத்தியானம் நான் மீன் பிடிக்கலை... அசென்ஸ்ல ரிட்டயர்டு கேப்டன் ஒருத்தரை அடக்கம் பண்ணப் போயிருந்தேன். சர்ச் நிறைய ஜனம்!"

"யோவ்! முதலாளிங்க ரெண்டு பேர்கிட்டயும் பொய். என்கிட்டயும் பொய். வரி ஆபீஸ்கிட்ட மட்டும் அரிச்சந்திரனா?"

"ஐயோ, ரெண்டு இடத்துலயும் மெயின் கார்டைக் குடுத்தா சலுகை ரெண்டு தடவை கிடைச்சுடுமே! வருஷம் முடிஞ்சதும் மொத்தமா பிடுங்குவாங்களே! போலீஸ்னா பரவாயில்லை... இது வரி ஆபீஸ் மேடம்!"

டோவே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"புக்வால்ட்," என்றது ஒரு கரகரப்பான குரல். "எங்கிட்ட வந்தா நிம்மதியா போகலாம்."

"நான் இப்பப் போறதா இல்லை. போலீஸ். யெப்பே நேத்து உங்ககூட இருந்தானா?"

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என் பக்கத்துலதான் இருந்தான். தங்கமான பையன். ஏன்?"

"அவன் தோருப் கடையிலும் வண்டி ஓட்டறான்."

எதிர்முனையில் ஏதோ மர மூடியை டமால் என்று சாத்திய சத்தம் கேட்டது.

"நேத்து இருந்தான். எழுதிக்குங்க. நாளைலேர்ந்து இருக்க மாட்டான். அதையும் எழுதிக்குங்க!"

டொக்.

யெப்பே மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டான். ஜெயில் போனது. அதோடு வேலையும் போனது. சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் மிச்சமிருந்த ரொட்டியைச் சாப்பிட்டான்.

பிர்தே வந்தாள்.

நரைத்த கொண்டை. கறுப்பு உடை. சிவந்த கண்கள். உள்ளே நுழைந்ததும் யெப்பேயின் தோளைத் தொட்டாள்.

"ஏன்டா தம்பி இப்படிப் பண்ணே? உன்னை என் சொந்தத் தம்பியா நினைச்சேனே..."

"அக்கா, நான்..."

"நீ சும்மா இரு," என்ற டோவே, பிர்தேக்கு நாற்காலி போட்டாள். "உட்காருங்கம்மா. யெப்பே அந்த நேரத்துல அசென்ஸ்ல இருந்திருக்கான். சர்ச்சே சாட்சி சொல்லுது."

பிர்தேயின் கண் ஒரு தடவை சிமிட்டியது.

"அப்படியா? அப்ப நான்தான் ஆள் மாறிப் பார்த்துட்டேன் போலிருக்கு. வயசாயிடுச்சு. அசென்ஸ்ல இவனுக்கு என்ன வேலை?"

"புக்வால்ட் கடையில வேலை."

"என்னது! அந்த ஆள்கிட்டயா? எனக்கு இதைக் கேட்கவே பகீருங்குதே! எங்க கடையைத் தவிர இவனுக்கு வேற வேலை இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா!"

"கடையில சம்பளம் போடறது யாரு?"

"நான்தான். என்னைத் தவிர யார் தொடுவாங்க? எஸ்கிலுக்கு கம்ப்யூட்டரைக் கண்டாலே ஆகாது."

"ஒருத்தனைப் புதுசா சேர்க்கும்போது கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்குமே... அது என்ன கேள்வி?"

பிர்தே கைப்பையின் கொக்கியைத் திறந்தாள். மூடினாள்.

"நான் சொல்லட்டுமா? 'மெயின் கார்டா, சைடு கார்டா?' இவன் பேருக்கு நீங்க எதை அமுக்கினீங்க?"

யெப்பே சட்டென்று நிமிர்ந்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், இப்போது தோளைத் தொட்ட அதே கையால் காபி கொடுத்துக்கொண்டே, அவள் கேட்டாளே! அவனும் காதோடு காதாக, 'சைடு கார்டு போட்டுடுங்கக்கா... முதலாளிகிட்ட சொல்லாதீங்க' என்றானே!

"அக்கா... நீங்களா!"

"இவனுக்கு ஒரு பெரிய வீடு இருக்குன்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்," என்றாள் டோவே. "லீவு நாள்ல எங்கே போறான்னு உயிரே போனாலும் சொல்ல மாட்டான்னும் தெரியும். அதனாலதான் செவ்வாய்க்கிழமை. அதனாலதான் இவனோட கையுறை!"

பிர்தே அழவில்லை. கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள்.

"சைடு கார்டு! அதைப் பத்தி என்கிட்டயா சொல்றே? இருபது வருஷமா எஸ்கிலுக்கு நான்தான் சைடு கார்டு! கிறிஸ்துமஸ், பிறந்தநாள், கோடை விடுமுறை... எல்லா சலுகையும் அவன் பொண்டாட்டிக்கு. எனக்கு முதல் க்ரோனர்லயே வெட்டு! அவ செத்தா உன்னை மெயின் கார்டா ஆக்கிடறேன்னு சத்தியம் பண்ணினான். போன வருஷம் செத்தா. காத்திருந்தேன். போன வாரம் என்ன சொன்னான் தெரியுமா? சர்ச்ல ஆர்கன் வாசிக்கறாளே, அவளைக் கட்டிக்கப் போறானாம்! சாப்பாட்டுக்கு என்ன மெனு வைக்கலாம்னு என்கிட்டயே கேட்கறான்!"

யெப்பேக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. அடுத்த கணம், தன்னை உள்ளே தள்ளப் பார்த்தவள் என்பது ஞாபகம் வந்து, பாவத்தை வாபஸ் வாங்கிக்கொண்டான்.

டிரிங்... டிரிங்...!

டோவே போனை எடுத்தாள். மறுபடி அதே கரகரப்பு.

"அந்தத் துரோகி பக்கத்துல இருக்கானா?"

"இருக்கான்."

"அவன்கிட்ட சொல்லுங்க. தோருப்போட தங்கச்சி இப்பத்தான் போன் பண்ணினாங்க. ஸ்வென்போர்க்ல இப்ப வேற கடை கிடையாதே... அடக்கம் என் பொறுப்பு! முப்பது வருஷமா காத்திருந்த ஆர்டர்ய்யா இது! அந்த ஆளை எப்படி ஏத்தினா முனகாம வருவான்னு தெரிஞ்ச டிரைவர் வேணும். வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க. மெயின் கார்டோட!"

யெப்பே போனுக்கே கும்பிடு போட்டான்.

கான்ஸ்டபிள் வந்து பிர்தேயின் கையைப் பிடித்தார். வாசல் வரை போனவள் நின்றாள். திரும்பினாள். சம்பளம் போட்டே பழகிய மூளை, லேசில் விடுமா?

"இன்ஸ்பெக்டர்... ஜெயில்ல வேலை குடுத்துக் கூலியும் தருவாங்களாமே. அதுக்கு எந்தக் கார்டு?"

டோவே வாயைத் திறப்பதற்குள் யெப்பே முந்திக்கொண்டான்.

"தைரியமா மெயின் கார்டே போடுங்கக்கா! இனிமே சைடுல போறதுக்கு அங்கே கதவே கிடையாது!"