கிழக்கெல்லை

திருத்தணி பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்த சின்னக் கடைக்குள் தமிழ்செல்வி விறுவிறுவென்று நுழைந்து, இரண்டு பத்திரங்களின் நகல்களை மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, நாளைக்கு என் தறிக்கொட்டகைய விக்கப் போறாங்க. நான் விடமாட்டேன். வழி சொல்லுங்க."

முப்பது வருடமாகப் பத்திரம் எழுதும் வரலட்சுமி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். வம்புள்ள பத்திரம் என்றால் சவாரியை விட்டுவிட்டு வந்து நிற்கும் ஆட்டோக்காரர் விஜி, அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டார்.

அம்மையார்குப்பத்தில் அந்தக் கொட்டகையைத் தமிழ்செல்வியின் கணவர் ஆறுமுகமும் அவருடைய அண்ணன் பூபாலனும் 2011இல் இருவர் பெயரிலும் வாங்கினார்கள். ஆளுக்கு நான்கு விசைத்தறி. 2020இல் ஆறுமுகம் மாரடைப்பில் போய்விட்டார். அதன் பிறகும் தமிழ்செல்வி தறியை நிறுத்தவில்லை. மகளைப் படிக்க வைத்தாள். போன வாரம் பூபாலன் கொட்டகையைப் பூட்டிவிட்டு ஒரு முத்திரைத்தாளை நீட்டினார். தேதி 2018. 'எங்களில் ஒருவர் காலமானால் மற்றவரே சொத்து முழுவதற்கும் பாத்தியப்பட்டவர்.' கீழே ஆறுமுகத்தின் கையெழுத்து.

"கையெழுத்து அவரோடதுதான்க்கா. அதனால ஊர்ல ஒருத்தரும் எனக்காகப் பேச மாட்றாங்க. ஆனா என்கிட்ட சொல்லாம அவர் ஒரு நூல்கண்டுகூட வாங்க மாட்டார்."

"முத்திரைத்தாளும் 2018ல வாங்கினதுதான்க்கா" என்றார் விஜி, ஏமாற்றத்துடன்.

"ரெண்டு பேர் பேர்ல வாங்கின சொத்துல ஒருத்தர் போய்ட்டா, அவர் பங்கு அவரோட வாரிசுக்குத்தான்" என்றாள் வரலட்சுமி. "உன் வீட்டுக்காரர் பாதி உனக்கும் உன் பொண்ணுக்கும். இந்தத் தாள் பதிவே ஆவல. கோர்ட்டுல நிக்காது. ஆனா கோர்ட்டுக்கு வருஷக்கணக்கு ஆவும். உனக்கு நாளைக்கே பதில் வேணும்."

2011ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தின் எல்லைகளை அவள் உரக்கப் படித்தாள்: "கிழக்கே பெருமாள் மனை, மேற்கே வண்டிப்பாதை." பிறகு பூபாலனின் தாளை எடுத்தாள்: "கிழக்கே கௌதமன் மனை, மேற்கே வண்டிப்பாதை."

"கௌதமன் யாரும்மா?"

"பக்கத்து மனைக்காரர்க்கா. மணவூர்ல இருந்து வந்து வீடு கட்டிகினு இருக்கார்."

"விஜி, அந்தக் கிழக்கு மனைக்கு வில்லங்கச் சான்று எடுத்துகினு வாங்க."

மறுநாள் காலை கொட்டகை வாசலில் பூபாலனும், இடம் வாங்க வந்தவரும், பக்கத்து மனையிலிருந்து வந்த கௌதமனும் நின்றார்கள். வரலட்சுமி நிதானமாகக் கேட்டாள்.

"இந்தத் தாளை உங்க தம்பி படிச்சுப் பார்த்துதான் கையெழுத்துப் போட்டாராங்க?"

"ஆங். முழுசா எழுதின அப்புறம், என் எதிர்லதான் போட்டான். 2018 ஆடி மாசம்."

"கௌதமன், நீங்க மனை வாங்கினது எப்ப?"

"2022லங்க. பெருமாள்கிட்ட."

வரலட்சுமி வில்லங்கச் சான்றை எடுத்து, இடம் வாங்க வந்தவரிடம் நீட்டினாள். "ஆறுமுகம் இறந்தது 2020ல. 2018ல எழுதின தாளா இருந்தா, கிழக்கே பெருமாள் மனைன்னுதான் இருக்கணும். தம்பி கையெழுத்துப் போட்டது வெறும் தாள்ல. எழுத்து அதுக்கப்புறம் ஏறினது. எழுதினவர் எல்லையை இப்ப பார்த்து எழுதிட்டார்."

தமிழ்செல்விக்குச் சட்டென்று நினைவு வந்தது; பூபாலன் பக்கம் திரும்பினாள். "கரண்ட் லோடு ஏத்தணும்னு அவர்கிட்ட வெத்து முத்திரைத்தாள்ல கையெழுத்து வாங்கினு போனீங்களே பாவா, அதுவா இது?"

வாங்க வந்தவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"சரி, பாதி உன்னுது. எந்தப் பாதின்னு காட்டிட்டு உள்ள போ!" என்று சீறினார் பூபாலன்.

"பாகம் பிரிக்கிற வரைக்கும் ஒவ்வொரு அடியிலயும் ரெண்டு பேருக்கும் உரிமை" என்றாள் வரலட்சுமி.

"சாவி குடுங்க பாவா" என்று தமிழ்செல்வி கையை நீட்டினாள். அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவள் விஜியின் ஆட்டோவிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்துவந்தாள். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. உள்ளே போய் மெயின் சுவிட்சைத் தட்டி, தன் நான்கு தறிகளையும் ஒவ்வொன்றாக ஓட்டிவிட்டாள். அந்த இரைச்சலுக்கு மேலே அவள் குரல் தெருவரை கேட்டது:

"பாகம் பிரிக்க எப்ப வேணா வாங்க பாவா. அதுவரைக்கும் நான் ஓட்டிகினுதான் இருப்பேன்!"